தவிட்டிலிருந்து இன்சுலின் வரை: பெருங்குடல் புற்றுநோயைத் தேடிய கதை

மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே படம் எடுக்கிறார் என்றால் எதைப் படம் எடுப்பார்? ஒடிந்த எலும்பை, அல்லது சளி கட்டிய மார்பை என்று சொல்வீர்கள். ஆனால், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிலர் மனித மலத்தைப் பிளாஸ்டிக் பைகளில் சேகரித்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள்! முகம் சுளிக்காதீர்கள். நாம் உண்ணும் உணவுக்கும் பெருங்குடலில் தோன்றும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு விடை தேடி நடந்த நெடிய பயணத்தில், அந்தப் பைகளும் ஒரு மைல்கல் ஆகும்.

இந்தப் பயணம் நேர்ச்சாலையில் சென்றதன்று. பல இடங்களில் வழி தவறியது; சில இடங்களில் வந்த வழியே திரும்ப வேண்டியிருந்தது. எனவேதான் அதன் வரலாறு நாம் அறியத்தக்கது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் அதனால் உயிரிழந்தனர். இவ்வளவு பெரிய நோயின் காரணங்களில் ஒரு பகுதி நம் உணவுத் தட்டிலும் நம் இடுப்பின் சுற்றளவிலும் இருக்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

பெருங்குடலில் நடப்பது என்ன?

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். சிறுகுடலில் செரித்து உறிஞ்சப்பட்டது போக எஞ்சிய உணவு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கே நீர் உறிஞ்சப்படுகிறது. அங்கே வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்கள், நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளைத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன.

பெருங்குடலின் உட்சுவரை மூடியுள்ள உயிரணுக்கள் சில நாள்களே வாழ்பவை. பழையவை உதிர, புதியவை ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும். ஓயாமல் பிரதி எடுக்கும் எழுத்தரிடம் பிழைகள் நேர்வது இயல்புதானே? உயிரணு பிரியும்போதும் மரபுப் பொருளில் சிற்சில பிழைகள் நேர்கின்றன. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் இப்பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால், உட்சுவரில் சிறு முளை ஒன்று தோன்றுகிறது. இதைப் 'பாலிப்' என்பார்கள். பெரும்பாலான முளைகள் தீங்கற்றவையாகவே இருந்துவிடும். சில மட்டும் பெருகிப் புற்றாக மாறும். அதற்குப் பத்தாண்டு அல்லது அதற்கும் கூடுதலான காலம் பிடிக்கலாம். இந்த நீண்ட காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

எலிகள் சொன்ன முதற்செய்தி

உணவுக்கும் புற்றுநோய்க்கும் உறவு உண்டு என்ற ஐயம் மிகப் பழையது. ஆனால், அதைச் சோதனைச் சாலைக்குள் கொண்டுவந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்தான். 1909-இல் மொரெஷி என்ற ஆய்வாளர், சுண்டெலிகளின் உடலில் புற்றுக்கட்டியை ஒட்டவைத்து, சிலவற்றுக்குக் குறைவாக உணவு கொடுத்துப் பார்த்தார். குறைவாக உண்ட எலிகளில் கட்டி குறைவாகவே வளர்ந்தது. 1914-இல் அமெரிக்காவில் பெய்டன் ரவுஸ் என்பவரும் உணவுக் குறைப்பு எலிகளின் கட்டிகளைத் தடை செய்வதைக் கண்டார். புற்றுநோயை உண்டாக்கும் வைரசைக் கண்டறிந்தமைக்காக 1966-இல் நோபல் பரிசு பெற்ற அதே ரவுஸ்தான் இவர்.

இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்தும் செய்தி வந்தது. அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புள்ளியியல் வல்லுநராக இருந்த பிரெடரிக் ஹாஃப்மன், பல நாடுகளின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி 1915-இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார். 1937-இல் உணவும் புற்றுநோயும் பற்றித் தனி நூலே எழுதினார். அளவுக்கு மிஞ்சிய உணவே குற்றவாளி என்பது அவர் கருத்து.

சிகாகோ நகரின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஆல்பர்ட் டானன்பாம் இவ்விரண்டு வழிகளையும் ஒன்றாக இணைத்தார். 1940-இல் அவர் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து, எடை மிகுந்தவர்களிடையே புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதைச் சுட்டிக்காட்டினார். உடனே எலிகளிடம் திரும்பினார். குறைந்த உணவு உண்ட எலிகளில் கட்டிகள் குறைவாகவும் காலம் தாழ்த்தியும் தோன்றின. உணவில் எந்தப் பொருள் குறைந்ததால் இந்த விளைவு? 1942-இல் அவர் கண்ட விடை: மொத்தக் கலோரி குறைந்தாலே போதும். எனினும் கொழுப்பு மிகுந்த உணவு சில வகைக் கட்டிகளை ஊக்குவிப்பதையும் கண்டார்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின்பும் டானன்பாமின் முடிவுகளை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் மார்பகக் கட்டிகளும் தோல் கட்டிகளும் ஆகும், பெருங்குடல் அன்று. எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அக்கேள்வி கால் நூற்றாண்டுக் காலம் உறங்கிக் கிடந்தது.

கப்பலேறிச் சென்றவர்கள்

பெருங்குடல் புற்றுநோய் பிறவியிலேயே விதிக்கப்படுவதா, வாழ்முறையால் வருவதா? இதை அறிய இயற்கையே ஒரு சோதனையை நடத்தி வைத்திருந்தது.

ஜப்பானியரிடம் அக்காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. பெருங்குடல் புற்றுநோய் குறைவு. அமெரிக்க வெள்ளையரிடம் இதற்கு நேர்மாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி ஜப்பானியர் பலர் பிழைப்புத் தேடிக் கப்பலேறி ஹவாய்த் தீவுகளிலும் கலிபோர்னியாவிலும் குடியேறினர். வில்லியம் ஹேன்ஸல், மினோரு குரிஹாரா ஆகிய இருவரும் இக்குடியேறிகளின் இறப்புக் கணக்கை ஆராய்ந்து 1968-இல் வெளியிட்டார்கள். குடியேறிய ஜப்பானியரின் பெருங்குடல் புற்றுநோய் விகிதம், ஜப்பானில் வாழ்ந்த உறவினரின் விகிதத்தை விட்டு விலகி, அமெரிக்கரின் விகிதத்தை நோக்கி உயர்ந்திருந்தது.

இரத்தம் அதே இரத்தம். மாறியது ஊரும் உணவும் வாழ்க்கையும் மட்டுமே. அப்படியானால் இந்த நோயைத் தடுக்கவும் கூடும் அல்லவா? இந்த நம்பிக்கைதான் அடுத்துவந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்தது.

ஒற்றைக்கண் அறுவை மருத்துவர்

இப்போது நம் கதையின் நாயகரைச் சந்திப்போம். டெனிஸ் பர்கிட் 1911-இல் வட அயர்லாந்தின் எனிஸ்கில்லன் ஊரில் பிறந்தார். பதினோராம் வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். பொறியியல் படிக்கத் தொடங்கி, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். 1946-இல் அறுவை மருத்துவராக உகாண்டா நாட்டுக்குச் சென்றார். குழந்தைகளின் தாடையைப் பெரிதும் தாக்கும் விந்தையான புற்றுநோய் ஒன்றை 1958-இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நோய் எங்கெங்கே காணப்படுகிறது என்று அறிவதற்காக, 1961-இல் பழைய மோட்டார் வண்டி ஒன்றில் நண்பர்கள் இருவருடன் ஆப்பிரிக்காவில் சுமார் 10,000 மைல் சுற்றிவந்து, மருத்துவமனை மருத்துவமனையாக விசாரித்தார். நோயை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் காரணம் புலப்படும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

1966-இல் லண்டனுக்குத் திரும்பிய பர்கிட்டுக்கு, கிளீவ் என்ற கடற்படை மருத்துவரின் கருத்துகள் அறிமுகமாயின. இரண்டாம் உலகப் போரின்போது போர்க்கப்பலில் பணியாற்றிய கிளீவ், மலச்சிக்கலால் அவதிப்பட்ட மாலுமிகளுக்குக் கோதுமைத் தவிட்டைக் கொடுத்துக் குணம் கண்டவர். தீட்டிய மாவும் வெள்ளைச் சர்க்கரையுமே மேல்நாட்டு நோய்கள் பலவற்றுக்கும் வேர் என்று வாதிட்டவர். இதைப் படித்த பர்கிட்டுக்குச் சட்டென்று ஒன்று தோன்றிற்று. உகாண்டாவில் தாம் அறுவை செய்த இருபது ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய், குடல்வால் அழற்சி போன்றவற்றை எவ்வளவு அரிதாகப் பார்த்திருக்கிறோம்! இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலோ இவை அன்றாட நோய்கள்.

பர்கிட் மீண்டும் தம் பழைய முறையைக் கையாண்டார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளுக்கு மாதந்தோறும் வினாத்தாள் அனுப்பி, எந்த நோய் எத்தனை பேருக்கு என்று கேட்டு வாங்கினார். 1971-இல் தம் கருத்தை வெளியிட்டார்: நார்ப்பொருள் குறைந்த உணவே பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம்.

இனி, நாம் தொடக்கத்தில் பார்த்த எக்ஸ்ரே படங்களுக்கு வருவோம். சோதனைக்கு உட்பட்டவர்கள் எக்ஸ்ரேயில் தெரியும் சிறு பிளாஸ்டிக் மணிகளை விழுங்குவார்கள். பின்னர் ஒவ்வொரு முறை வெளியேறும் மலமும் நேரம் குறித்த பையில் சேகரிக்கப்படும். பையை எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை மணிகள் வெளிவந்துள்ளன என்று எண்ணிவிடலாம். 1972-இல் பர்கிட், தென் ஆப்பிரிக்காவின் அலெக் வாக்கர், இங்கிலாந்தின் நீல் பெயின்டர் ஆகிய மூவரும் முடிவுகளை அறிவித்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையினரின் குடலைக் கடக்க உணவுக்கு 80 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. உகாண்டாக் கிராமத்தவருக்கோ சுமார் 36 மணி நேரமே பிடித்தது. ஒரு நாளைய மலத்தின் எடை முன்னவருக்கு ஏறத்தாழ 100 கிராம். பின்னவருக்கு 400 கிராமுக்கும் மேல்!

இதிலிருந்து பர்கிட் சொன்ன விளக்கம் எளியது. நார் மிகுந்தால் மலம் பருமனாகும். நஞ்சுப் பொருள்கள் அதில் நீர்த்துப்போகும். விரைந்து வெளியேறுவதால் குடற்சுவரைத் தீண்டும் நேரமும் குறையும். பாத்திரத்தில் குழம்பு நெடுநேரம் தேங்கினால் அடிப்பிடிக்கும், ஓடும் நீர் கறைபடாது என்பது போன்ற விளக்கம் இது. பள்ளி மாணவருக்கும் புரியும். 1979-இல் அவர் எழுதிய, நாரை மறவாதீர் என்னும் பொருள்படும் தலைப்புக் கொண்ட நூல் பெரும் புகழ் பெற்றது. எருமைக்கும் மாட்டுக்கும் போட்டுவந்த தவிடு, மேல்நாட்டுக் காலை உணவு மேசையில் மதிப்புடன் ஏறி அமர்ந்தது.

ஐயங்கள் எழுகின்றன

எளிமையான விளக்கம் என்பதாலேயே அது உண்மையாகிவிடுமா? ஒரு நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே சிந்தித்துப் பாருங்கள். உகாண்டாக் கிராமத்தவர்க்கும் இங்கிலாந்துக் கடற்படையினர்க்கும் உள்ள வேற்றுமை நார்ப்பொருள் ஒன்றுதானா?

இல்லை அல்லவா? கிராமத்து மக்கள் இறைச்சி குறைவாக உண்டார்கள். நாள் முழுதும் நிலத்தில் உழைத்தார்கள். மெலிந்த உடலுடன் இருந்தார்கள். முதியோர் அவர்களிடையே குறைவு. இந்த நோயோ முதுமையில் மிகுதியாக வருவது. மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர் எத்தனை பேரோ! இவ்வளவு வேற்றுமைகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றவாளி ஆக்குவது எப்படி?

1975-இல் புரூஸ் ஆம்ஸ்ட்ராங், ரிச்சர்ட் டால் ஆகியோர் பல நாடுகளின் உணவுக் கணக்கையும் புற்றுநோய்க் கணக்கையும் ஒப்பிட்டபோது, இறைச்சி மிகுதியாக உண்ணும் நாடுகளில் பெருங்குடல் புற்றுநோய் மிகுந்திருக்கக் கண்டார்கள். ஆனால், இறைச்சி மிகுந்த நாடுகளில் மோட்டார் வண்டியும் மிகுதி, தொலைபேசியும் மிகுதி. தொலைபேசியால் புற்றுநோய் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு செய்திகள் சேர்ந்து வருவது வேறு. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. இந்தப் பாகுபாடு அறிவியலின் அரிச்சுவடி.

1977-இல் இன்னொரு ஒப்பீடு வெளிவந்தது. பின்லாந்தின் குவோப்பியோப் பகுதிக் கிராமத்தவரிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைவு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தாரிடம் மிகுதி. குவோப்பியோ மக்கள் நார்ப்பொருளை மிகுதியாக உண்டார்கள் என்பது பர்கிட்டின் கருத்துக்கு வலுவூட்டியது. ஆனால், நார் தரும் பாதுகாப்புக்கும் உணவு குடலைக் கடக்கும் நேரத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆக, எக்ஸ்ரே மணிகள் எண்ணிக் காட்டிய அந்த வேகம் முக்கியமன்று போலும்!

இலட்சம் செவிலியர்

இனிச் செய்ய வேண்டியது என்ன? நாடுகளை ஒப்பிடுவதை விட்டு, மனிதர்களைப் பின்தொடர வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய ஆய்வில் 1,21,700 செவிலியர் சேர்ந்தார்கள். என்ன உண்கிறார்கள், எடை எவ்வளவு, என்ன நோய் வந்தது என்று குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அவர்களிடம் வினாத்தாள் மூலம் கேட்டுப் பதிவு செய்தார்கள். 1990-இல் வால்டர் வில்லெட் குழுவினர் முதற்கட்ட முடிவை வெளியிட்டார்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் முதன்மை உணவாகக் கொண்ட பெண்களுக்கு, மாதம் ஒரு முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிட, பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. ஆனால், இதே செவிலியர்களை மேலும் பல ஆண்டு பின்தொடர்ந்து 1999-இல் நார்ப்பொருளைப் பற்றிக் கணக்கிட்டபோது, அது பாதுகாத்ததற்கான அடையாளம் தெரியவில்லை!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2000-ஆம் ஆண்டில் வந்தது. ஒரே மருத்துவ இதழில், ஒரே நாளில் இரண்டு சோதனைகளின் முடிவுகள் வெளியாயின. குடல்முளை அகற்றப்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனைகள் இவை. ஒன்றில் 2,079 பேர் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, நாரையும் காய்கனிகளையும் மிகுதியாக உண்டனர். மறுபிரிவினர் வழக்கம் போல் உண்டனர். நான்காண்டுகளில் மீண்டும் முளை தோன்றியவர்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 39.7, இரண்டாம் பிரிவில் 39.5. வேறுபாடே இல்லை! கோதுமைத் தவிட்டைக் கொண்டு அரிசோனாவில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவும் அதேதான்.

பர்கிட் 1993-இல் மறைந்துவிட்டார். தம் தவிடு தோற்றதைப் பார்க்க அவர் இல்லை. சரி, தவிட்டுக் கதை அத்துடன் முடிந்ததா?

முடியவில்லை. முளை புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் பிடிக்கலாம் என்று முன்னர்ச் சொன்னோம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஒருவகை உணவை உண்டு, முளையும் தோன்றிவிட்ட பின், மூன்று நான்கு ஆண்டு தவிடு தின்றால் பயன் தெரியுமா? பல்லாண்டாய் வெயிலில் காய்ந்த மரத்துக்கு நாலு குடம் நீர் ஊற்றிவிட்டுத் தளிரை எதிர்பார்ப்பது போன்றதுதானே அது! 2003-இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு, நார்ப்பொருளை மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட, இந்நோய் நூற்றுக்கு 25 வீதம் குறைவு என்று தெரிவித்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் செய்த கணக்கீட்டில், நாளொன்றுக்கு உண்ணும் நார் 10 கிராம் கூடும்போது ஆபத்து நூற்றுக்கு 10 வீதம் குறைவதாகத் தெரிந்தது. தவிடு மந்திரக்கோல் அன்று. ஆனால் பர்கிட் கண்டது வெறுங்கனவும் அன்று.

கொழுத்த உடல் ஒரு சுரப்பி

இதற்கிடையில், டானன்பாமின் உறங்கிக் கிடந்த கேள்வி விழித்துக்கொண்டது. உணவில் உள்ள கொழுப்பு என்பதைவிட, உடலில் சேர்ந்த கொழுப்புதான் குற்றவாளியோ?

இந்த வேறுபாடு நுட்பமானது, ஆனால் முக்கியமானது. அமெரிக்காவில் 48,835 பெண்களைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், உணவில் கொழுப்பைக் குறைத்தும் எட்டாண்டுகளில் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை என்று 2006-இல் தெரியவந்தது. ஆனால் உடற்பருமனின் கணக்கோ மேன்மேலும் தெளிவாகிக்கொண்டே வந்தது. 2003-இல் யூஜீனியா காலே குழுவினர், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். மிகக் கடுமையான உடற்பருமன் உள்ள ஆண்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, இயல்பான எடையினரைவிட நூற்றுக்கு 52 வீதம் கூடுதல். பெண்களுக்கு 62 வீதம் கூடுதல். உடற்பருமனோடு தொடர்புடைய புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. ஆண்களிடம் இந்தத் தொடர்பு மேலும் வலுவாகத் தென்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இலும் 2016-இலும் சான்றுகளை ஆய்ந்து இதை உறுதிப்படுத்தியது.

வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, குடலின் உட்சுவர் உயிரணுவுக்கு எப்படித் தீங்கு செய்யும்? முன்னர்க் கொழுப்பை உடலின் சேமிப்புக் கிடங்கு என்று மட்டுமே நினைத்தார்கள். அது கிடங்கு மட்டுமன்று, தொழிற்சாலையும் ஆகும். பல வேதிப் பொருள்களை அது இரத்தத்தில் விடுகிறது; மெல்லிய, ஓயாத அழற்சியை உடலெங்கும் தோற்றுவிக்கிறது. மேலும், வயிற்றுக்கொழுப்பு மிகுந்தவர்களின் உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. எனவே கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்பதை அறிவீர்கள். அதற்கு இன்னொரு முகமும் உண்டு. 'வளர், பெருகு' என்று உயிரணுக்களுக்கு ஆணையிடும் பொருள்களில் அதுவும் ஒன்று. இன்சுலின் மிகும்போது, அதை ஒத்த வளர்ச்சிக் காரணி ஒன்றின் செயலும் ஓங்குகிறது. ஏற்கெனவே பிழை நேர்ந்த உயிரணுவுக்கு இத்தகைய ஆணை ஓயாமல் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்?

1990-களின் நடுவில் கெயில் மெக்கியோன்-ஐசன், எட்வர்ட் ஜியோவனூச்சி ஆகியோர் இந்த இன்சுலின் கருத்தை முன்வைத்தார்கள். 1996-இல் டொராண்டோ ஆய்வாளர்கள், புற்றூக்கிப் பொருள் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு இன்சுலின் ஊசி போட்டுப் பார்த்தபோது, குடற்கட்டிகள் மிகுந்தன. நீரிழிவு நோயாளருக்குப் பெருங்குடல் புற்றுநோய் சற்று மிகுதியாக வருவதும் இதனுடன் பொருந்துகிறது. இதைப் படித்துவிட்டு, மருத்துவர் தந்த இன்சுலினை எவரும் நிறுத்திவிட வேண்டா. அது உயிர் காக்கும் மருந்து. இங்கே நாம் பேசுவது காரணங்களைப் பற்றி.

2016-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒருபடி மேலே சென்றார்கள். கலோரிகளில் நூற்றுக்கு 60 பங்கு கொழுப்பிலிருந்தே கிடைக்கும் உணவை எலிகளுக்குப் பல மாதங்கள் கொடுத்தார்கள். எலிகள் பருத்தன. அவற்றின் குடலில் எல்லா உயிரணுக்களுக்கும் தாயான மூல உயிரணுக்களின் எண்ணிக்கை பெருகிற்று. அது மட்டுமன்று, அவற்றின் சேய் உயிரணுக்களும் தாயின் இயல்பைப் பெற்றுப் பெருகத் தொடங்கின. கட்டி தோன்றக்கூடிய இடங்கள் இதனால் மிகுகின்றன. 1909-இல் மொரெஷி கண்ட செய்தியின் விளக்கத்தில் ஒரு பகுதி, நூறாண்டு கழித்துக் கிடைத்தது.

இரண்டு வாரப் பரிமாற்றம்

கடைசியாக, பர்கிட்டின் ஆப்பிரிக்காவுக்கே திரும்புவோம். ஸ்டீபன் ஓகீஃப் என்பவர் தலைமையில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சிறியது, ஆனால் சுவையானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேர். தென் ஆப்பிரிக்கக் கிராமப்புறத்தில் வாழும் ஆப்பிரிக்கர் 20 பேர். முன்னவர் சமூகத்தில் பெருங்குடல் புற்றுநோய் அப்போது லட்சத்துக்கு 65 பேருக்கு வந்தது. பின்னவரிடம் லட்சத்துக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இவர்களின் உணவை இரண்டு வாரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர் மக்காச்சோளமும் பயறும் நிறைந்த ஆப்பிரிக்க உணவை உண்டனர். நாளைய நார்ப்பொருள் 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. ஆப்பிரிக்கர் இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த அமெரிக்க உணவை உண்டனர்.

இரண்டே வாரம்! அமெரிக்கரின் குடலில் அழற்சி தணிந்தது. உயிரணுக்கள் பெருகும் வேகம் குறைந்தது. பியூட்டிரேட் என்ற பொருள் இரண்டரை மடங்காயிற்று. ஆப்பிரிக்கரிடம் எல்லாம் தலைகீழாக நடந்தது.

பியூட்டிரேட் என்பது என்ன? நார்ப்பொருளைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலம் இது. இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களின் வேலைதானே? குடற்சுவர் உயிரணுக்களின் முதன்மை எரிபொருள் பியூட்டிரேட் என்பதை 1980-களின் தொடக்கத்திலேயே ரோடிகர் என்பவர் காட்டியிருந்தார். அழற்சியை அடக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே, நார் செய்யும் நன்மை பெருக்கித் தள்ளும் துடைப்பத்தின் வேலை மட்டுமன்று. உணவூட்டும் வேலையும் ஆகும். பர்கிட்டின் முடிவு பெருமளவு சரி. அவர் சொன்ன காரணம்தான் அரைகுறை. இரண்டு வாரத்தில் புற்றுநோய் நீங்கியது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆபத்தின் அறிகுறிகள் மாறின என்று மட்டுமே அது சொல்கிறது.

நாம் பெறும் பாடம்

இன்று உறுதியாகத் தெரிந்தவை எவை? வயிற்றுக்கொழுப்பும் உடற்பருமனும் ஆபத்தைக் கூட்டுகின்றன. உடலுழைப்பு ஆபத்தைக் குறைக்கிறது. முழுத்தானியம், பயறு, காய்கனி ஆகியவற்றின் நார் நன்மை தருகிறது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தருவது என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் தொடர்ந்து உண்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு 18 வீதம் கூடுகிறது. மதுவும் புகையிலையும் ஆபத்தைக் கூட்டுபவையே.

இந்தியாவில் இந்நோய் மேல்நாடுகளைவிடக் குறைவு. ஆனால் ஜப்பானியரின் கதையை மறந்துவிடாதீர்கள். நாம் கப்பலேற வேண்டியதில்லை. மேல்நாட்டு உணவும் ஓய்ந்த வாழ்க்கையும் நம் வீட்டுக்கே வந்துவிட்டன. அமெரிக்காவிலோ ஐம்பது வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் கூடிவருகிறது. 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்தபோது இருந்ததைப் போல் இரு மடங்கு என்று 2017-இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. இதனால் 2021-இல் அங்கே குடற்சோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே கண்டவை எல்லாம் வாய்ப்புக் கணக்குகள், தீர்ப்புகள் அல்ல. மெலிந்தவருக்கும் இந்நோய் வரலாம். கீரையே உண்டு வாழ்ந்தவருக்கும் வரலாம். சிலருக்குக் குடும்ப வழியாக வரலாம். எனவே நோயுற்றவரைப் பார்த்து, 'கண்டதைத் தின்றதால் வந்தது' என்று சொல்வது அறிவியலும் அன்று, பண்பும் அன்று.

மலத்தில் இரத்தம் கலந்து வந்தால், 'மூலமாக இருக்கும்' என்று நாமே முடிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் கைமருந்து தேடுகிறோம். மலம் கழிக்கும் வழக்கத்தில் வாரக்கணக்கில் மாற்றம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச் சோகை ஆகியவற்றையும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். இந்தக் கூச்சம் உயிரைப் பறிக்கக்கூடியது. முளையாக இருக்கும்போதே கண்டால், உள்நோக்கிக் குழாய் வழியாகவே அகற்றிவிடலாம்; புற்று வராமலே தடுக்கலாம். தொடக்க நிலையில் கண்ட புற்றையும் பெரும்பாலும் குணமாக்கலாம்.

மலப் பைகளை எக்ஸ்ரே எடுத்த அந்த மருத்துவர்கள் கூச்சப்பட்டிருந்தால் இந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் கூச்சத்தை விட்டார்கள், கேள்வி கேட்டார்கள். சோதனை எதிராக வந்தபோது அவர்களின் வழிவந்தோர் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த அறிகுறிகள் இருந்தால், நீங்களும் கூச்சத்தை விட்டு, இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.